கொடைக்கானல் போறீங்களா? ஏரியைச் சுற்றிவிட்டுத் திரும்புவதில் ஆரம்பித்து, தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொடைக்கானலைப் பற்றி யார் எழுதினாலும் 1845-லிருந்துதான் ஆரம்பிப்பார்கள். மதுரையில் இருந்த அமெரிக்க மிஷன் பாதிரியார்கள், கீழே காய்ச்சலில் குடும்பம் குடும்பமாகச் செத்துக்கொண்டிருந்ததால் மேலே ஏறி வந்து இரண்டு பங்களா கட்டினார்கள், அப்புறம் 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் ஓடையை மறித்து ஏரி உண்டாக்கினார், அப்புறம் கோக்கர் நடைபாதை, பிரையண்ட் பூங்கா என்று கதை போகும். ஊருக்கு அது சரியான கதைதான். ஆனால் மலைக்கு அது சரியான கதை இல்லை. அந்தப் பாதிரியார்கள் ஏறுவதற்கு இரண்டாயிரம் ஆண்டுக்கும் முன்னாலேயே இந்தப் பழனி மலைத்தொடரில் ஆட்கள் வாழ்ந்து, இறந்தவர்களுக்குக் கல்லால் அறை கட்டி வைத்திருக்கிறார்கள். அது தெரியாமல் போவதால்தான் முக்கால்வாசிப் பேர் ஏரி, படகு, சாக்லேட், பைன் காடு என்று ஒரே வட்டத்தில் வாகன நெரிசலில் மாட்டிக்கொண்டு, 'கொடைக்கானல்ல ஒண்ணுமே இல்லப்பா' என்று சொல்லிக்கொண்டு இறங்குகிறார்கள்.

முதலில் சில்லறைத் தவறுகளை முடித்துவிடலாம்.

ரயிலில் வருபவர்கள், குறிப்பாக வெளிமாநில நண்பர்கள், 'கொடைக்கானல் ரோடு' என்ற ஸ்டேஷன் பெயரைப் பார்த்து ஊர் பக்கத்திலேயே இருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். அங்கிருந்து மலை மேலே சுமார் 80 கிலோமீட்டர். அதிகாலையில் அங்கே இறங்கினால் வாசலில் நிற்கும் கார்க்காரர் சொல்வதுதான் ரேட். மதுரையிலோ திண்டுக்கல்லிலோ இறங்கி, பேருந்து பிடிப்பதுதான் பலருக்கும் வசதி.

சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போவதானால் இ-பாஸ் எடுத்திருக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இது வந்தது. 2025 கோடையில் இன்னும் ஒரு படி மேலே போய், கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வாரக் கடைசியில் 6,000 வண்டி என்று உச்சவரம்பே வைத்தார்கள். அரசுப் பேருந்தில் போனால் இந்தத் தொல்லை இல்லை. சோதனைச்சாவடியில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, சிக்னல் இல்லாத போனில் பாஸ் எடுக்கப் போராடுவதை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கலாம், கிளம்புகிற முன்பு வீட்டிலேயே விதிமுறையை ஒருமுறை பார்த்து எடுத்துவிடுங்கள், ஏனென்றால் கணக்குகள் சீசனுக்கு சீசன் மாறும். அதே சோதனையில் தண்ணீர் பாட்டிலையும் பார்ப்பார்கள். ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் பாட்டில் மலையில் கூடாது, வைத்திருந்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போவதில் என்ன சிரமம்?

குளிர் விஷயம். மயிலுக்கே போர்வை கொடுத்தான் என்று சங்கப் புலவர்கள் பாடிய பேகன் இந்தப் பழனி மலைப் பக்கத்தை ஆண்ட ஆவியர் குலத்தவன், அந்த மலைக்கு நாம் மே மாதம்தானே என்று ஒரு பனியனோடு போய் இறங்குகிறோம். ஊர் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மதியம் வெயில் சுள்ளென்று அடித்து மூக்கு நுனி தோல் உரியும், நாலு மணிக்கு மூடுபனி இறங்கியதும் பல் கிட்டும். இரண்டுக்கும் தயாராகப் போக வேண்டும். அக்டோபர், நவம்பரில் போவதானால் மழை நிச்சயம் என்றே வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள், மலைச்சாலையில் மண் சரிந்து பாதை அடைபடுவதும் அந்த மாதங்களில்தான் வழக்கம்.

சரி, ஊருக்குள் வந்தாச்சு. இப்போதுதான் பெரிய தவறு ஆரம்பமாகிறது. அதற்குப் பெயர் 'பாயிண்ட்'. டிரைவர் ஒரு அட்டை நீட்டுவார், அதில் பன்னிரண்டோ பதினைந்தோ இடம் இருக்கும், எல்லாம் ஒரே நாளில். மோயர் பாயிண்ட், பைன் காடு, குணா குகை, தூண் பாறை, பசுமைப் பள்ளத்தாக்கு. எல்லா வண்டியும் ஒரே வரிசையில், ஒரே நேரத்தில். தூண் பாறை 400 அடி உயரம், பார்க்க வேண்டியதுதான், ஆனால் பதினோரு மணிக்கு மேல் போனால் பல நாளும் வெள்ளையாக ஒரு பஞ்சுச் சுவர்தான் தெரியும். காலை எட்டு, ஒன்பது மணிக்கே அங்கே நில்லுங்கள், மற்ற பாயிண்டுகளில் பாதியை விட்டுவிட்டாலும் ஒன்றும் குறையாது.

பைன் காட்டில் நின்று 'எத்தனை ஆதிகாலத்து மரம்!' என்று வியப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். அந்த மரங்கள் 1906 வாக்கில் வன அதிகாரி பிரையண்ட் நட்டு ஆரம்பித்தவை. யூகலிப்டஸும் வேட்டில் (wattle) மரமும் அதே மாதிரி கொண்டுவந்து நட்டவைதான். இந்த மலையின் சொந்தக் காடு சோலை, அதாவது பள்ளத்தின் மடிப்புகளில் குட்டை குட்டையாக, பாசி தொங்க, நெருக்கமாக நிற்கிற காடு, அதைச் சுற்றி விரிந்த புல்வெளி. மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஆண்டு முழுக்க ஓடையாக விடுவது அந்தச் சோலையும் புல்வெளியும்தான். பைன் காட்டில் எடுத்த படம் அழகாக வரும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் பழமையைத் தேடுபவர் பார்க்க வேண்டியது சோலையை.

குணா குகை பற்றி ஒரே ஒரு விஷயம். 1991-ல் வந்த படத்தால் பெயர் மாறிய இடம், 2024-ல் வந்த இன்னொரு படத்தால் கூட்டம் பல மடங்கான இடம். குகைக்குள் போக முடியாது, வேலிக்கு இந்தப் பக்கம் நின்று மர வேர்களைப் பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். வேலி தாண்டிக் குதித்து ரீல்ஸ் எடுக்கப் போனவர்கள் மீது வழக்குப் போட்டிருக்கிறார்கள். பள்ளத்தில் விழுந்தவர்களில் பலர் உயிரோடு வரவில்லை என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள்.

யாரும் அட்டையில் எழுதாத இடம் சூரிய ஆய்வுக்கூடம். 1876–78 பெரும் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் மக்கள் செத்த பிறகு, சூரியனுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்ற பேச்சில் பிறந்தது அது. 1901-ல் வேலையைத் தொடங்கியது. 1909-ல் ஜான் எவர்ஷெட் என்பவர், சூரியக் கரும்புள்ளியில் வாயு உள்ளிருந்து வெளிப்புறமாக ஓடுவதை இங்கிருந்துதான் கண்டுபிடித்தார், உலகம் முழுக்க அதை எவர்ஷெட் விளைவு என்றே பாடப் புத்தகத்தில் படிக்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் வானம் தெளிவாக இருக்கிற காலையில் போங்கள், மூடுபனியில் போய்விட்டு 'சூரியனே தெரியல' என்று கோபப்படுவதில் அர்த்தமில்லை.

இப்போது கற்கள்.

தாண்டிக்குடி, பேத்துப்பாறை, பெருமாள்மலை, மாச்சூர், வில்பட்டி என்று கொடைக்கானலைச் சுற்றிய ஊர்களில் கற்திட்டைகள் இருக்கின்றன. மூன்று பக்கமும் நெட்டுக்குத்தாகப் பலகைக் கல், மேலே ஒரு பெரிய மூடுகல். பெரும்பாலும் வெட்டவெளியான பாறை முகட்டில், கீழே பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிகிற இடமாகப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். சிலவற்றைச் சுற்றிச் சின்னக் கல்லை அடுக்கி நீள்சதுரமாக மதில் மாதிரி எழுப்பியிருக்கிறார்கள், ஒரே மதிலுக்குள் இரண்டு மூன்று அறைகள்கூட இருக்கும். மூடுகல்லின் விளிம்பைக் குனிந்து பாருங்கள், உளியால் மழமழப்பாக்கிய அடையாளம் தேடினால் கிடைக்காது, பாறையிலிருந்து தட்டாகப் பெயர்ந்த பலகையை அப்படியே தூக்கி வைத்திருக்கிறார்கள். எத்தனை பேர் சேர்ந்து தூக்கியிருப்பார்கள் என்ற கேள்வி தானாக வரும்.

இங்கே செய்கிற முதல் தவறு, கேட்டதை எல்லாம் நம்புவது. பாண்டவர் வனவாசத்தில் தங்கிய குகை என்பார்கள் (நம் ஊரில் பழசாக எது இருந்தாலும் பாண்டவர் கணக்கில் எழுதிவிடுவது வழக்கம்), குள்ள மனிதர்கள் வாழ்ந்த வீடு என்பார்கள், இணையத்தில் கி.மு. 5000 என்று ஒரு எண்ணைப் போட்டுவிடுவார்கள். இவை வீடு இல்லை, இறந்தவர்களுக்கான ஈமச்சின்னம். இரும்புக்காலத்தைச் சேர்ந்தவை, பெரும்பாலானவை கி.மு. முதல் ஆயிரமாண்டை ஒட்டியவை என்பதுதான் பொதுவான கணிப்பு. அதுவே போதுமான பழமை, கூட்டிச் சொல்ல வேண்டிய தேவை இல்லை.

இவற்றை முதலில் முறையாக அளந்து, வரைந்து, படம் எடுத்து எழுதியவர்கள் செண்பகனூரில் இருந்த இயேசு சபைப் பாதிரியார்கள் ஆங்லேடும் நியூட்டனும். 1928-ல் இந்தியத் தொல்லியல் துறையே அதை நூலாக வெளியிட்டது. பிறகு 2000-களில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் குழு தாண்டிக்குடியில் அகழாய்வு செய்தது. மண்ணுக்குள் இருந்த கல்லறைகளில் பானைகளோடு கார்னீலியன் என்கிற செந்நிற மணிகளும் கிடைத்தன. யோசித்துப் பாருங்கள், அந்தக் கல் இந்த மலையில் கிடைக்கிற கல் இல்லை. எங்கிருந்தோ வந்து, யார் கழுத்திலோ கிடந்து, அவரோடு புதைந்திருக்கிறது. பதிலுக்கு மலையிலிருந்து என்ன கீழே போயிருக்கும் என்பதற்கு மிளகு, ஏலம், தேன் என்று ஊகம் செய்யத் தாண்டிக்குடித் தோட்டங்களைப் பார்த்தாலே போதும். வெளியுலகம் தெரியாத காட்டுவாசிகள் ஒதுங்கி வாழ்ந்த இடம் என்ற நினைப்பு அந்த மணிகளோடு அடிபட்டுப் போகிறது.

இரண்டாவது தவறுதான் கொடுமை. மூடுகல் மேல் ஏறி நின்று படம் எடுப்பது. ஆயிரக்கணக்கான ஆண்டு நின்றது நம் எடையையா தாங்காது என்று தோன்றும், ஆனால் தாங்கிகள் பல இடங்களில் ஏற்கெனவே சாய்ந்திருக்கின்றன, மண் அரித்திருக்கிறது, ஒரு பக்கம் நழுவினால் அதோடு முடிந்தது, அதை மறுபடி நிமிர்த்த ஆள் இல்லை. உள்ளே அடுப்பு மூட்டி நூடுல்ஸ் வேக வைத்த கரி, பெயர் கிறுக்கிய சுண்ணாம்பு, காலி பாட்டில், இதெல்லாம் சர்வசாதாரணம். சிலர் புதையல் இருக்கும் என்று தரையைத் தோண்டியும் வைத்திருக்கிறார்கள். தோட்டத்து வேலிக்கும் வீட்டு வாசற்படிக்கும் பலகைக் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனது தனிக்கதை, அதனால்தான் பாதிரியார்கள் வரைந்த படத்தில் இருக்கிற பல இன்று தரையில் இல்லை. பானை ஓடு கண்ணில் பட்டால் படம் எடுத்துக்கொண்டு அங்கேயே விட்டுவிடுங்கள். எடுத்துவந்தால் அது உங்கள் ஷோகேஸில் வெறும் ஓடு, இருந்த இடத்தில் இருந்தால்தான் அதற்கு ஒரு கதை உண்டு.

மூன்றாவது, கேட்காமல் நுழைவது. பல கற்திட்டைகள் காபித் தோட்டத்துக்குள்ளோ பட்டா நிலத்திலோ இருக்கின்றன, சில வனத்துறை எல்லையில். ஊருக்குள் டீக்கடையில் நின்று 'அண்ணே, இங்க பழைய கல்லு வீடு, பாண்டவர் குகைன்னு சொல்வாங்களே, எந்தப் பக்கம்?' என்று கேட்டால் ஒருவர் கூடவே வந்து காட்டுவார். அவருக்கு ஏதாவது கொடுங்கள். பேத்துப்பாறைப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு, கேட்காமல் மேப்பைப் பார்த்துத் தனியாகப் போவது அசட்டுத்தனம். அதே ஊர்ப் பக்கத்தில் அஞ்சுவீடு அருவி இருக்கிறது, இணையத்தில் படம் பார்த்துவிட்டுப் போய்க் குளிக்க இறங்கி உயிர்விட்ட இளைஞர்கள் பலர். அருவிகளைப் பொறுத்தவரை இந்த மலையில் ஒரே விதிதான், தள்ளி நின்று பாருங்கள். வழியில் எல்லாரும் வண்டியை நிறுத்தும் வெள்ளி நீர்வீழ்ச்சியில் கொட்டுவது ஊர் ஏரியிலிருந்து வழிந்து வரும் தண்ணீர் என்று தெரிந்தால் கைநிறைய அள்ளி முகம் கழுவ மாட்டீர்கள்.

வெயிலில் மலை ஏறி இறங்க முடியாதவர்கள், பெரியவர்கள் கூட வருகிறார்கள் என்றால், செண்பகனூர் திருஇருதயக் கல்லூரி அருங்காட்சியகத்துக்குப் போங்கள். பதப்படுத்திய விலங்குகள், பறவைகள், பூச்சிகளோடு இந்த மலையில் கிடைத்த பழம்பொருள்களும் இருக்கின்றன. திறந்திருக்கும் நேரத்தை விடுதியில் கேட்டுக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கும்.

பூம்பாறை இன்னொரு விதம். கொடைக்கானலிலிருந்து 20 கிலோமீட்டருக்குள்தான். சாலை வளைவில் வண்டியை நிறுத்தி, படிப்படியான வயல்களையும் ஓட்டு வீடுகளையும் படம் எடுத்துவிட்டு அப்படியே மன்னவனூருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ஊருக்குள் இறங்குங்கள். குழந்தை வேலப்பர் கோயில் இருக்கிறது, மூலவர் போகர் செய்த நவபாஷாணச் சிலை என்பது வழிவழி நம்பிக்கை, பழனிக்கு அடுத்து இதைத்தான் சொல்வார்கள். தேர்த் திருவிழாவன்று போனால் சுற்றுப்பட்டு மலைக்கிராமம் மொத்தமும் அங்கே இருக்கும். கொடைக்கானலிலேயே இருக்கும் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கும் பழனிக்கும் சம்பந்தம் உண்டு, பழனிக் கோயில் நிர்வாகத்தில்தான் இருக்கிறது. ஆனால் அது பழங்காலக் கோயில் இல்லை, 1936-ல் கட்டியது. கட்டியவர் ஆஸ்திரேலியாவில் பிறந்து, இலங்கைத் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து, லீலாவதி என்று பெயர் மாற்றிக்கொண்ட அம்மையார். எந்தப் பலகையிலும் நின்று படிக்காமல் செல்பி எடுத்துவிட்டு வருகிற கோயில் அது. அங்கே நின்று 'குறிஞ்சிப் பூ எங்கே?' என்று கேட்பவர்களுக்கு: 12 ஆண்டுக்கு ஒருமுறைதான், போன முறை 2018, அடுத்தது 2030. இடையில் யாராவது 'சார், குறிஞ்சி காட்டுறேன்' என்று கூட்டிப்போனால் அது அதே பேரினத்தின் வேறொரு செடியாக இருக்கும்.

வெள்ளகவி என்ற ஊருக்கு இப்போது நடைப்பயணம் பிரபலம். மலைச்சாலை வருவதற்கு முன், பெரியகுளம் பக்கமிருந்து கொடைக்கானலுக்கு ஏறிய பழைய நடைபாதையில் இருக்கிற ஊர், 1916 வாக்கில் வத்தலகுண்டுப் பக்கத்து மோட்டார் சாலை வந்ததும் அந்தப் பாதையே மறந்து போனது. ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை, ஊர் முழுக்கவே சாமி இருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. பெரிய டிரெக்கிங் ஷூவோடு நடுத்தெருவில் நடந்து போய் வம்பில் மாட்டிக்கொள்ளாதீர்கள், எல்லையில் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டால் விஷயம் முடிந்தது.

காட்டுமாடு. சாயங்காலத்தில் விடுதி வாசலிலேயே நிற்கும். காலில் வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கும், மேய்ந்துகொண்டே இருக்கும், சாதுவாகத் தெரியும். ஒரு டன் எடை. மூச்சை 'புஸ்' என்று விட்டுத் தலையைத் தாழ்த்தினால் அடுத்தது என்ன என்று உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும், பிளாஷ் போட்டுப் படம் எடுக்கிற நமக்குத் தெரியாது. சத்தம் போடாமல் பின்னால் நகருங்கள்.

போதைக் காளான் விற்கிறோம் என்று யாராவது காதோரம் பேசினால் நகர்ந்துவிடுங்கள், அது போதைப்பொருள் வழக்கு, ஜாமீன் கிடைப்பதே கஷ்டம்.

இன்னொன்று, பேரிஜம் வழியாக மூணாறு போய்விடலாம் என்று கிளம்புவது. பழைய வரைபடத்தில் அப்படி ஒரு சாலை இருந்தது உண்மை, 1990-லிருந்து மூடிவிட்டார்கள். பேரிஜம் ஏரிக்கே வனத்துறை அனுமதிச் சீட்டு வேண்டும், தினமும் குறிப்பிட்ட எண்ணிக்கைதான், யானை வந்தால் அதுவும் கிடையாது. மூணாறுக்குப் பழனி, உடுமலை, மறையூர் வழியாகவோ, கீழே இறங்கித் தேனி, போடி வழியாகவோதான் போக வேண்டும். மறையூர் வழியைத் தேர்ந்தெடுத்தால் அங்கேயும் இதே மாதிரிக் கற்திட்டைகள் உண்டு, முனியறை என்பார்கள்.

வாங்குவதில் ஏமாறாமல் இருக்க வேண்டியது பூண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து எல்லாக் கடையிலும் எல்லாப் பூண்டும் மலைப்பூண்டுதான். பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் விளைவிப்பவர்களிடமே வாங்குங்கள், இளமஞ்சளாக, உரிக்கும்போதே கண்ணில் ஏறும் காரமாக இருக்கும். யூகலிப்டஸ் தைலம் சாலையோரத்தில் மலிவாகக் கிடைத்தால் அதில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்டுப் பயனில்லை.

இறங்கும்போது டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருவது தற்கொலை முயற்சி. பிரேக் சூடாகி ஒரு கட்டத்துக்கு மேல் பிடிக்காது. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், எதிரில் ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். ஏறும்போது வத்தலகுண்டுச் சாலையில் வந்திருந்தால், இறங்குவதற்கு ஊத்து என்ற இடத்திலிருந்து பண்ணைக்காடு, தாண்டிக்குடி வழியைப் பிடிக்கலாம், கற்களையும் அன்றைக்கே பார்த்துவிடலாம். பாதை குறுகல், வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடுகிற மாதிரிக் காலையிலேயே கிளம்புங்கள். அந்த வழி பட்டிவீரன்பட்டியில் கொண்டுபோய் விடும், மேலே விளைகிற காபிக்கு அதுதான் சந்தை, தூளை அங்கேயே அரைத்து வாங்கிக்கொள்ளலாம், சிக்கரி வேண்டாம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.